காயத்தோடு பிறந்த கொக்கி

கௌரிசங்கர் இளமதியின் விசிட்டிங் கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை மேஜையில் வைத்து, அதன் மேலேயே டீ கிளாஸை வைத்தார்.

"ராஜமாணிக்கம் அனுப்பின ஆளுங்கதானே? படி அந்தப் பக்கம் இருக்கு."

சிதம்பரம் மேல வீதியில் ஒரு பாத்திரக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய பயிற்சி மையம். இயந்திர பாகங்களை அளந்து கம்ப்யூட்டரில் வரையவும், வரைந்ததை ஒன்றோடொன்று பொருத்தி முழு மிஷினாகத் திரையிலேயே ஓட்டிப் பார்க்கவும் அங்கே கற்றுக் கொடுத்தார். போன மாதம் வரை உட்கார இடம் கிடைக்காது என்று பேர். இன்றைக்கு ஜன்னல் கண்ணாடி போன இடத்தில் அட்டை ஒட்டியிருந்தது. நாற்காலிகள் காலி. மூலையில் இரண்டு மூன்று பையன்கள் மட்டும் தலையைத் தூக்காமல் மௌஸை உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரொம்ப செங்குத்தான படி சார்," என்றார் கண்ணாயிரம். "ஏறுனதுக்கு மூச்சு வாங்கிட்டு இறங்குறோம். அதுவரைக்கும் திட்டிக்கிட்டு இருங்க, காது சும்மாத்தான் இருக்கு."

கண்ணாயிரம் கடலூர் – பண்ருட்டி தனியார் பஸ்ஸில் வெகுகாலம் கண்டக்டராக இருந்தவர். முட்டி தேய்ந்து படியில் தொங்க முடியாமல் போனதும் இளமதியின் துப்பறியும் அலுவலகத்தில் சேர்ந்தார். டிக்கெட் எடுக்காதவனை முதுகை வைத்தே கண்டுபிடிக்கிற ஆள் என்று இளமதி அவரை வைத்துக்கொண்டாள். வாய் இலவச இணைப்பு.

கௌரிசங்கரின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. நெல்லிக்குப்பத்துக்குப் பக்கத்தில் உத்திராபதி என்கிற டிரைவர் கரும்பு லோடர் ஓட்டிக்கொண்டிருந்தார். வெட்டிக் குவித்த கரும்பை இரும்புக் கையால் அள்ளி லாரியில் போடுகிற வண்டி அது. கையை உயரே தூக்கி நிறுத்தி, லாக் கொக்கியை மாட்டிவிட்டு, கீழே போய் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தார். கொக்கி நழுவியது. கை இறங்கியது. ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அந்த லோடரைச் செய்த கம்பெனி ராஜமாணிக்கத்துடையது. கடலூர் சிப்காட் பக்கம் இருக்கிறது. கொக்கி தன்னுடையதே இல்லை, போலி என்று அவர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். சிதம்பரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கண்ட சாமானையும் காப்பி அடிக்கப் பழக்குகிறார்கள், அங்கிருந்துதான் படம் வெளியே போயிருக்கிறது என்றும் சேர்த்துக்கொண்டார். மறுநாளே மேல வீதியில் கல் விழுந்தது. அதற்கடுத்த வாரம் ராஜமாணிக்கம் இளமதியின் அலுவலகத்துக்கு வந்தார். அந்தக் கொக்கியின் படம் கௌரிசங்கரிடம் இருப்பதை நிரூபிக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை என்றார். கடையில் வாங்கிய போலி என்று ஒரு கொக்கியையும் கொடுத்துவிட்டுப் போனார்.

இளமதி அந்தக் கொக்கியைப் பையிலிருந்து எடுத்து டீ கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். இதை ஒரு தடவை பார்த்துவிட்டுத் துரத்துங்கள் என்றாள்.

பார்க்கக் கூடாது என்றுதான் கௌரிசங்கர் முகத்தைத் திருப்பினார். ஆனால் சமைக்கத் தெரிந்தவர் முன்னால் குழம்பை வைத்தால் விரல் சும்மா இருக்காது. கொக்கியை எடுத்தார். அது கவ்விப் பிடிக்கிற வளைவுக்குள் கட்டை விரலை ஓட்டினார். விரல் பாதியில் நின்றது. எழுந்து ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

"எவன் வரைஞ்சது இதை?"

"நீங்கன்னு சொல்றாங்க."

"நான் வரைஞ்சிருந்தா ஒருத்தர் கை போயிருக்காது."

அதற்குப் பிறகு அவர் பேசியது இளமதியிடம் இல்லை, இரும்பிடம். கொக்கியை ஒரு சின்ன மேடையில் நிறுத்தி, கையடக்கமான ஸ்கேனரை அதைச் சுற்றி மெதுவாகக் காட்டினார். திரையில் சாம்பல் நிறத்தில் அதே கொக்கி முளைத்தது. அது மாட்ட வேண்டிய இரும்பு முளையை, மெக்கானிக்குகள் பின் என்பார்களே அதை, வட்டமாக வரைந்து கொக்கியின் வாய்க்குள் நகர்த்தினார். ஒழுங்கான கொக்கி என்றால் பின்னோடு ஒட்டி உட்கார வேண்டும். இது உட்காரவில்லை. வாய் வெளிப்பக்கமாக அகன்று, நடுவில் இடைவெளி தெரிந்தது. வண்டி அதிர்ந்தால் பின் அந்தச் சரிவிலேயே ஏறி வெளியே வந்துவிடும்.

"இது என்ன சார், வாய்க்குள்ள கோடு கோடா?" கண்ணாயிரம் திரையில் மூக்கை இடிக்கிற மாதிரி குனிந்தார்.

"மரை," என்றார் கௌரிசங்கர். "எங்கயோ ஒரு பழைய வண்டியில பின் தொலைஞ்சி போயி, முழுக்க மரை வெட்டின போல்ட்டைச் செருகி ஓட்டியிருக்கான். அந்த மரை கொக்கியைக் கடிச்சிக் கடிச்சி வாயை அகட்டிடுச்சி. அந்தத் தேஞ்ச கொக்கியைக் கழட்டி அளந்து, அதையே வார்த்திருக்காங்க. இது புதுக் கொக்கிதான். ஆனா பொறக்கும்போதே காயத்தோட பொறந்திருக்கு."

"அப்பனுக்கு அம்மைத் தழும்பு இருந்தா புள்ளை மூஞ்சியிலயும் அச்சு விழுந்த மாதிரி," என்றார் கண்ணாயிரம்.

முதல் முறையாக கௌரிசங்கர் அவரை மனிதனாக மதித்துப் பார்த்தார். "அதேதான். ஒரு பொருளைப் பார்த்து அதோட வரைபடத்தைக் கண்டுபிடிக்கிறதுக்கு ரிவர்ஸ் இன்ஜினியரிங்னு பேரு. அளக்குறது சுலபம். எது அதோட உருவம், எது அதுக்குப் பட்ட அடின்னு பிரிக்கத் தெரியணும். முதல் தடவை எல்லாரும் காயத்தைத்தான் வரைவாங்க. ரெண்டாவது தடவைதான் கொக்கியை வரைவாங்க." கொக்கியைத் திருப்பி நீட்டினார். "சரி, அசல் எங்க? பக்கத்துல வச்சிப் பார்த்தா ஒரு நிமிஷத்துல தெரிஞ்சிடுமே."

இரண்டு முறை கேட்டதையும், ராஜமாணிக்கம் தருகிறேன் தருகிறேன் என்று தள்ளிப்போட்டதையும் இளமதி சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு வேறொன்று உறைத்தது. "எல்லாரும்னு சொன்னீங்களே சார். இதே கொக்கியை இங்க யாராவது வரைஞ்சாங்களா?"

ஷட்டர் இறங்குவது மாதிரி அவர் முகம் மூடிக்கொண்டது. ஸ்கேனரின் ஒயரைச் சுற்றினார். தன்னிடம் படிக்க வந்த பிள்ளைகளின் பெயரை ராஜமாணிக்கத்தின் கையாளிடம் சொல்ல முடியாது என்றார். விசிட்டிங் கார்டை டீ கிளாஸின் அடியிலிருந்து உருவி, ஈர வட்டத்தோடு அவள் கையில் கொடுத்தார்.

இளமதி இறங்கி வந்து காருக்குப் பக்கத்தில் நின்றாள். கண்ணாயிரம் நிதானமாக, ஒவ்வொரு படியாக முட்டியைத் திட்டிக்கொண்டே வந்தார். வந்தவர் வெறும் கையோடு வரவில்லை. மூலையில் உட்கார்ந்திருந்த பையனிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். ஆளாளுக்கு வீட்டிலிருந்து ஒரு இரும்புச் சாமான் கொண்டுவந்து வரைய வேண்டும் என்பது அங்கே பாடம். ஒருவன் தண்ணீர் பம்பின் வால்வு கொண்டுவந்தானாம், இன்னொருவன் தையல் மிஷினின் பல்சக்கரம். கடலூரிலிருந்து ரயிலில் வந்து போன ஒரு அக்கா, டிபன் பைக்குள் இதே மாதிரி வரி விழுந்த கொக்கியைக் கொண்டுவந்தாளாம். அவள் வரைந்ததெல்லாம் ஜன்னலோர கம்ப்யூட்டரில் இன்னமும் இருக்கிறதாம்.

"பேரு?"

"கேட்டேன் மேடம். பையன் உஷாராயிட்டான். அங்கிள் நீங்க எந்த ஸ்டாப்பிங்னு கேட்டான்."

இளமதிக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. கேஸ் முடிகிற நேரத்தில் வருகிற சந்தோஷம். அங்கேயே நின்று ராஜமாணிக்கத்துக்குப் போன் போட்டாள். கொக்கியின் படம் அந்த மையத்தில் இருக்கிறது, யாரோ ஒரு மாணவி வரைந்தது என்றாள்.

"எந்தக் கம்ப்யூட்டர்லம்மா?" என்றார் ராஜமாணிக்கம்.

"ஜன்னலோரம் இருக்கிறது."

ரொம்ப சந்தோஷம், நல்ல வேலை பண்ணினாய், நீ வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடும்மா என்று வைத்துவிட்டார்.

ஆனால் இளமதி வீட்டுக்குப் போகவில்லை. போல்ட் செருகிய அந்தப் பழைய வண்டி எங்கோ நிற்கிறது. அதைப் பார்த்தால்தான் கதை முழுசாகும். லோடர்கள் அதிகம் ஓடுவது நெல்லிக்குப்பம் பக்கம். காரை அங்கே விட்டாள்.

நெல்லிக்குப்பத்தில் ரோடு முழுக்க கரும்பு. ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. கண்ணாயிரம் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகளில் ஏறி இறங்கினார். போல்ட் செருகிய லோடர் எதையும் யாரும் பார்த்ததில்லை. இன்னொரு சங்கதியும் கொண்டுவந்தார்.

"மேடம், ஒரு கடையிலயும் இந்தக் கொக்கி இல்ல. போலியும் இல்ல, அசலும் இல்ல. கம்பெனி ஆளே வந்து மாட்டிட்டுப் போவானாம். கடையில வாங்குனேன்னு அவரு எந்த ஊருக் கடையில வாங்குனாரோ."

அதைக் காதில் வாங்கிக்கொண்டேதான் இளமதி உத்திராபதியின் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவருடைய மனைவி அமிர்தம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி பெயரைச் சொன்னதும் அலசிய தண்ணீரை வீசி ஊற்றினாள். இளமதியின் புடவைக் கரை நனைந்தது. அவள் நகரவில்லை.

"எங்க தப்புன்னு எழுதி வாங்க வந்தியா?" என்றாள் அமிர்தம். "ஏற்கெனவே ரெண்டு பேரு வந்துட்டுப் போயிட்டாங்க. சல்லிசா கிடைக்குதுன்னு கடையில வாங்கி மாட்டிக்கிட்டோம்னு ஒத்துக்கணுமாம்."

"வாங்குனீங்களா?"

"அவுங்க ஆளுதான் வந்து மாட்டுனான். பழசு ஆடுதுன்னு எங்க வூட்டுக்காரரு போன் போட்டாரு. கம்பெனி சட்டை போட்டுக்கிட்டு வந்து, புதுசு மாட்டி, இனிமே மலையே தொங்குனாலும் தாங்கும்னுட்டுப் போனான். இதை நான் யாருகிட்ட சொல்லல? ஒருத்தராவது காதுல வாங்கணுமே."

உள்ளே இருட்டில் கட்டிலில் ஒருவர் புரண்டு படுப்பது தெரிந்தது. வெள்ளைத் துணி சுற்றிய மொட்டைக் கை தலையணை மேல் இருந்தது. இளமதி கண்ணை எடுத்துக்கொண்டாள்.

அமிர்தத்தின் தம்பி செந்தமிழ்செல்வன்தான் சிதம்பரத்தில் முதல் கல்லை எறிந்தவன் என்று ஊரில் சொன்னார்கள். அவன் எங்கே என்று கண்ணாயிரம் கேட்டார். ஆட்களைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் சிதம்பரம் போயிருக்கிறான் என்றாள் அமிர்தம். கொக்கியின் படம் அந்த சென்டரில், ஜன்னலோர கம்ப்யூட்டரில் இருக்கிறது, கண்டுபிடித்தாகிவிட்டது என்று யாரோ போன் பண்ணிச் சொன்னார்களாம்.

ஜன்னலோரம் என்கிற வார்த்தையை அவள் இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தாள்.

காருக்கு ஓடிக்கொண்டே கௌரிசங்கருக்குப் போன் போட்டாள். வெகுநேரம் மணி அடித்தது. எடுத்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். பின்னால் கண்ணாடியைப் பெருக்குகிற சத்தம்.

"வந்தாங்க. எல்லாத்தையும் உடைச்சாங்க. ஒண்ணை மட்டும் உடைக்கல. ஜன்னலோரம் இருந்ததை ஒருத்தன் பத்திரமா கழட்டி ஜீப்புல வச்சி எடுத்துக்கிட்டுப் போனான். நீங்க வந்து பார்த்துட்டுப் போன கையோடயே. இனிமே போன் பண்ணாதீங்க."

வைத்துவிட்டார்.

"கோபத்துல வர்றவன் உடைப்பான் மேடம்," என்றார் கண்ணாயிரம். குரலில் கிண்டல் இல்லை. "கழட்டி எடுத்துக்கிட்டுப் போறவன் கோபத்துல வந்தவன் இல்ல."

அப்போதுதான் காலையில் பேசிய பேச்சு அவளுக்கு முழுதாகத் திரும்பக் கேட்டது. திருடனைத் தேடுகிறவன், யாரோ ஒரு பெண் வரைந்தாள் என்று கேட்டதும் என்ன கேட்பான்? யார் அவள் என்பான். ராஜமாணிக்கம் அதைக் கேட்கவே இல்லை. எந்தக் கம்ப்யூட்டர் என்றுதான் கேட்டார். யார் என்பது அவருக்கு முன்னாடியே தெரியும். தெரியாதது, படம் இன்னும் எங்கே மிச்சமிருக்கிறது என்பதுதான். அது வெளியே வராமல் மறைக்க வேண்டுமென்றால் முதலில் கண்டுபிடித்துக் கொடுக்க ஒரு துப்பறியும் ஆள் தேவைப்பட்டாள்.

கண்ணாயிரம் சிதம்பரம் போய் கௌரிசங்கரைப் பார்க்கலாம் என்றார். இளமதி வேண்டாம் என்றாள். அடிபட்ட இடம் அது. அடித்த கை சிப்காட்டில் இருக்கிறது.

சிப்காட் சாலையில் திரும்பியதும் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள். எந்தக் கம்பெனியிலிருந்து என்று தெரியாத ஒரு காரமான வாடை அன்றைக்கும் இருந்தது. ராஜமாணிக்கத்தின் பட்டறை வாசலில் செக்யூரிட்டி மறித்தான். கண்ணாயிரம் இறங்கி அவனிடம் முட்டி வலிக்கு எந்தத் தைலம் நல்லது என்று ஆரம்பித்தார். இளமதி ஆபீஸ் பக்கம் போகிற மாதிரி போய், பெயிண்ட் ஷெட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனாள்.

நெல்லிக்குப்பத்தில் இல்லாத வண்டி இங்கே இருக்கத்தான் வேண்டும் என்று அவள் கணக்கு. இருந்தது. கம்பெனிக்குள்ளேயே ஒரு காலத்தில் இரும்புத் தகடு தூக்கிய பழைய லோடர், நிறம் மங்கி, சக்கரத்தைச் சுற்றிப் புல் முளைத்து நின்றது. பின் இருக்க வேண்டிய இடத்தைத் தடவினாள். முழுக்க மரை வெட்டிய ஒரு போல்ட். கொக்கி இருக்க வேண்டிய இடம் காலி.

அதற்குப் பக்கத்திலேயே இருந்த டிசைன் அறையில் ஒரு பெண் இரண்டு திரைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். ராஜமாணிக்கத்தின் மகள் பிரீதா. கொக்கி விஷயமாக அப்பா அமர்த்திய ஆள் என்று இளமதி சொன்னதும் தயங்காமல் பேசினாள். அப்பாவின் பார்ட்னர் சண்டை போட்டுக்கொண்டு கோயம்புத்தூர் போனபோது வரைபடங்களை எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டார், அன்றிலிருந்து ஒவ்வொரு பாகமாக அளந்து வரைகிற வேலை தன்னுடையது என்று அவளே சொன்னாள். எங்கே படித்தீர்கள் என்று இளமதி கேட்டாள்.

"சிதம்பரம். கௌரிசங்கர் சார்கிட்ட." சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். "அவரை நான் ரொம்ப மதிச்சேன். என் படத்தை அங்கேருந்து யாரோ எடுத்து வித்துட்டாங்கன்னு அப்பா சொன்னப்ப நம்பவே முடியல."

இளமதி பையிலிருந்த கொக்கியை மேஜையில் வைத்தாள். பிரீதாவின் கட்டை விரலும் நேராக வளைவுக்குள்தான் போனது. குருவிடமிருந்து வந்த பழக்கம் போலிருக்கிறது.

"இது என்னோட முதல் படம். தேய்மானத்தையும் சேர்த்து வரைஞ்சிட்டேன்னு சார் திருப்பிக் கொடுத்துட்டாரு. ரெண்டாவது படம்தான் சரி. அப்பாகிட்ட ரெண்டையும் கொடுத்தேன். கம்பெனியில வார்க்கிறது ரெண்டாவதுதான். அப்ப இதை வார்த்தது படத்தைத் திருடுனவங்க."

"உங்க ஸ்டோர்ல ஒரு புதுக் கொக்கி இருக்குமா?"

பிரீதா எழுந்து போனாள். திரும்பி வர நேரமானது. வந்தபோது அவள் நடை வேறாக இருந்தது. கையில் இருந்த கொக்கியில் எண்ணெய்ப் பசை காயவில்லை. அதை முதல் கொக்கிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரண்டின் வாயிலும் ஒரே வரிகள்.

"ரேக்குல இருக்கிறது எல்லாமே இப்படித்தான்," என்றாள்.

கதவருகில் ராஜமாணிக்கம் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் கலையாத விபூதி. இளமதியைப் பார்த்து, உன்னை யார் உள்ளே விட்டது என்றார். பிரீதா அவரை முடிக்க விடவில்லை.

"ரெண்டாவது படம் என்னப்பா ஆச்சி?"

அவர் முதலில் மழுப்பினார். பிறகு கோபப்பட்டார். மரத்தில் அச்சு செய்கிறவன் முதல் படத்தைப் பார்த்து அச்சை முடித்துவிட்டான், ஃபவுண்டரியில் இரும்பை வார்க்க வரிசையில் நிற்கிறார்கள், கரும்பு சீசன் யாருக்காகவாவது நின்று கேட்குமா என்றார். அரை மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு ஒரு கம்பெனியை மூடச் சொல்கிறாயா என்றார். தூக்கி நிறுத்திய கைக்கு அடியில் அந்த ஆள் எதற்குப் போனான் என்றார்.

"லாக் போட்டுட்டுத்தான்ப்பா போனாரு," என்றாள் பிரீதா. "போகலாம்னு சொல்றதுக்குப் பேருதான் லாக்."

அந்த நேரத்தில் கண்ணாயிரம் கதவைத் தட்டாமலேயே எட்டிப் பார்த்தார். "மேடம், வெளிய ஜீப்புல ஒரு கம்ப்யூட்டர் சாக்கு போத்திக்கிட்டுத் தூங்குது. எழுப்பல. போட்டோ மட்டும் எடுத்து சிதம்பரம் போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பிட்டேன்."

ராஜமாணிக்கம் இளமதியிடம் திரும்பினார். அதுவரை இருந்த 'அம்மா' போய்விட்டது. "நீ என் ஆளுடி. என் வேலைக்கு வந்தவ. நான் சொன்னதைக் கண்டுபிடிச்ச, அதோட நிறுத்திக்க. ஜாஸ்தி பேசுனா கடலூர்ல ஒருத்தன் உனக்கு வேலை கொடுக்கமாட்டான்."

"காலையில வரைக்கும் உங்க கேஸு என்கிட்ட இருந்துச்சி," என்றாள் இளமதி. "இப்ப உங்க மேல கேஸு. அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டிக் கொடுத்தது நான்தான்னு அதுல முதல் சாட்சியா நானே சொல்லப் போறேன்."

அவர் இன்னும் என்னென்னவோ சொன்னார். இளமதி கேட்கவில்லை. பிரீதாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் அழவில்லை. மேஜை டிராயரைத் திறந்து ஒரு பெரிய ஸ்பேனரை எடுத்தாள். பிறகு ஜன்னல் வழியாக வெயிலைப் பார்த்தாள்.

"வெட்டு நடந்துக்கிட்டு இருக்குற நேரம் இது," என்றாள். "இந்தக் கொக்கியை நம்பி இப்பவும் யாராவது வண்டிக்குக் கீழ படுத்திருப்பாங்க. வாங்க."

ராஜமாணிக்கம் கதவை மறித்துக்கொண்டு நின்றார். மகள் அவரைத் தொடவில்லை, நகரச் சொல்லவும் இல்லை. மூக்குக்கு நேராக நின்றாள். கடைசியில் அவர்தான் ஒதுங்க வேண்டியிருந்தது.

காரில் போகும்போது பிரீதா எந்தெந்த ஊரில் கம்பெனி லோடர் ஓடுகிறது என்று ஞாபகப்படுத்தி ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டாள். பாதிப் பேர் எடுக்கவில்லை. பிறகு வெகுநேரம் தயங்கி, கௌரிசங்கருக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. நடந்ததை அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அழுகையெல்லாம் அப்புறம். கொக்கி மாத்துற வரைக்கும் கைக்கு அடியில சவுக்குக் கட்டையை முட்டு கொடுக்கச் சொல்லு. நல்ல தடிமனா. லாக்கைத் தொடவே வேண்டாம்னு சொல்லு." பிறகு சேர்த்துக்கொண்டார். "அந்த டிடெக்டிவ் அம்மா பக்கத்துல இருந்தா, அவுங்க மேல எனக்கு இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்குன்னும் சொல்லு."

"கேட்டுக்கிட்டேன் சார்," என்றாள் இளமதி.

உத்திராபதியின் வீட்டு வாசலில் கூட்டம் இருந்தது. செந்தமிழ்செல்வன் திரும்பி வந்திருந்தான். சட்டையில் கண்ணாடித் தூள். கம்பெனிக்காரர் மகள் என்று தெரிந்ததும் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. யாரோ வைக்கோல் போருக்குப் பக்கத்திலிருந்து கல் பொறுக்கினார்கள். கண்ணாயிரம் முட்டியை மறந்து முன்னால் போய் நின்றார்.

பிரீதா அவரைச் சுற்றிக்கொண்டு வாசற்படி வரை போனாள். அமிர்தத்திடம் பேசினாள்.

"அந்தக் கொக்கியை வரைஞ்சது நான். முதல்ல தப்பா வரைஞ்சேன். அப்புறம் சரியா வரைஞ்சேன். எங்கப்பா தப்பானதைத்தான் வார்த்தாரு. எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். கடையில வாங்குனதா சொன்னது பொய். சிதம்பரத்துல இருக்கிறவருக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. இதைப் போலீஸ்ல சொல்லப் போறேன்."

அமிர்தம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். கை ஓங்கப் போகிறாள் என்றுதான் இளமதி நினைத்தாள். ஓங்கினாள்கூட. பாதியில் அந்தக் கை நின்று, பிரீதா பிடித்திருந்த ஸ்பேனரைக் காட்டியது.

"இது எதுக்கு?"

"மத்த வண்டிங்கள்லயும் அதே கொக்கிதான். கழட்டணும். போன் எடுக்காதவங்களை எனக்கு எங்கன்னு தேடத் தெரியல. நீங்க யாராவது கூட வந்தா."

உள்ளேயிருந்து உத்திராபதி கூப்பிட்டார். பலவீனமான குரல். திருவதிகை பக்கம் மாமன் மகன் வண்டி ஓடுகிறது, அவன் சாயங்காலம்தான் கிரீஸ் வைப்பான், முதலில் அங்கே போங்கள் என்றார்.

அமிர்தம் பிரீதாவை உள்ளே கூப்பிடவில்லை. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றும் கேட்கவில்லை. தம்பியிடம் திரும்பினாள்.

"கல்லைப் போடு," என்றாள். "ஸ்பேனரை எடு."